செமியுல்லாவின் கடைசிப் பக்கம்

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் ஹைருல்லா, பின்லாந்தின் தாம்பரே நகரத்தில் ரோமக் கோட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய அக்கா மஹ்ரூசா, கணவர் மறைந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்து, வந்த நாளிலிருந்து வீட்டுச் சாவிகளைத் தன் ஏப்ரன் பையில் வைத்திருப்பவர். ஜமாஅத்தின் இமாம் கப்துல்பாரி ஹஸ்ரத். ஜவுளிக்கடை சாபிர்ஜான். ஐந்தாவது ஆள் யூசோ ஹுர்மே என்ற பின்லாந்துக்காரர். அருங்காட்சியக வேலை, பழைய அச்சு இயந்திரங்களில் பைத்தியம். ஆறாவதாக ஒருவர் இருந்ததாகச் சிலர் சொல்வதுண்டு. ஆறாவது ஆள் யாரும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று நவம்பர் மாதம். அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்ததும் ஐவரும், பழைய அச்சு இயந்திரமும் எழுத்து அலமாரியும் இருந்த மூலை அறைக்குப் போனார்கள். அங்கே மேசைமேல் ஹைருல்லா காலையில் தன் கையால் எடுத்து வைத்த தகர ட்ரே கவிழ்ந்து கிடந்தது. அதில் இருந்த அச்சுப் பக்கம் இல்லை. தரையில் ஈய எழுத்துகள் குவியலாகக் கொட்டிக் கிடந்தன.

அந்தப் பக்கம் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஹைருல்லாவின் தகப்பனார் செமியுல்லா வோல்கா ஆற்றங்கரையிலிருந்து முதுகில் துணிமூட்டையோடு பின்லாந்துக்கு வந்தவர். வந்த இடத்தில் கடை வைத்தார், வீடு வாங்கினார், அதற்குப் பிறகு தம்மைப்போன்ற தாத்தார் ஜனங்களுக்கு ஒரு பத்திரிகை இல்லையே என்று தம் சிநேகிதர் முஹ்லிஸுடன் சேர்ந்து ஒரு கையச்சு இயந்திரமும் அரபு எழுத்துகளும் வரவழைத்தார். பத்திரிகையின் பெயர் 'சிஷ்மே'. ஊற்று என்று அர்த்தம். அப்போது வாலிபராக இருந்த ஹஸ்ரத்தும் வந்து ப்ரூஃப் திருத்தினார், எழுத்துக் கோர்த்தார். ஹெல்சிங்கியில் படித்தார்கள், மஞ்சூரியாவில் ஹார்பின் நகரத்துத் தாத்தார்களும் தபாலில் வாங்கிப் படித்தார்கள். பிறகு முஹ்லிஸ், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற லத்தீன் எழுத்துக்கே பத்திரிகையை மாற்றிவிடலாம் என்றார். குர்ஆன் இருக்கிற எழுத்தை விடமாட்டேன் என்றார் செமியுல்லா. இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த குளிர்காலத்தில் செமியுல்லா இறந்தார். அவர் ஈய எழுத்துகளைக் கோர்த்து, நூலால் கட்டி, அச்சிடாமல் விட்டுப்போன ஒரே ஒரு பக்கம் ட்ரேயில் இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது என்று அவர் மனைவி அலமாரியில் வைத்துப் பூட்டினார். முப்பது வருஷம் அது பூட்டியே இருந்தது.

பூட்டின அலமாரி என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைசிவரைக்கும் அரபு எழுத்தை விடாதீர்கள் என்று தகப்பனார் எழுதிவைத்த கட்டளை அது என்று ஹைருல்லாவின் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். முஹ்லிஸைப் பேர் சொல்லித் திட்டி எழுதியது என்று முஹ்லிஸின் வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். முஹ்லிஸும் போய்ச் சேர்ந்தார். அவர் மகன்தான் சாபிர்ஜான்.

அந்த வருஷம் தாயார் காலமானார். துக்கம் முடிந்ததும் ஹைருல்லா தீர்மானித்தார்: எல்லார் முன்னாலும் ஹுர்மேயை வைத்து அந்தப் பக்கத்தை அச்சடித்து, ஹஸ்ரத்தை உரக்கப் படிக்கச் சொல்வது. தகப்பனார் யாரையும் திட்டி எழுதுகிற மனிதர் இல்லை என்று அன்றோடு ஊருக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே சாபிர்ஜானையும் டீக்கு அழைத்திருந்தார்.

எழுத்துக் குவியலைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. தொழுகைக்கு சாபிர்ஜான் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது ஞாபகம் வந்தது. கை கால் கழுவி ஒளு செய்யப் போனவன் வழியில் மூலை அறைக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகும்?

"உங்க அத்தா நாக்கால பண்ணினதை நீ கையால பண்ணிட்டே," என்றார். "இந்த வீட்டுல நீ குடிச்ச டீதான் உனக்குக் கடைசி டீ."

சாபிர்ஜான் திரும்பி நடந்தார். கூடத்துக்குப் போய், பாதி குடித்திருந்த தன் கோப்பையை எடுத்து மீதியைக் குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையைச் சாஸரில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஹைருல்லா மூலை அறையைப் பூட்டிச் சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலைக்குள் செய்தி ஜமாஅத் முழுக்கப் பரவிவிட்டது.

போலீசுக்குப் போவது என்ற பேச்சே எழவில்லை. குடும்ப மானத்தைக் காவல் நிலைய மேசையில் கொண்டுபோய் வைக்கிற வழக்கம் அந்த ஜனங்களுக்குக் கிடையாது. துர்க்கு நகரத்தில் சத்ரெத்தீன் இருந்தார். தொழில் கம்பள வியாபாரம். காணாமல் போன கல்யாணமாலை, மாறிப்போன உயில், யாருடையது என்று தெரியாத கைக்குழந்தை இப்படி எத்தனையோ விவகாரங்களைச் சத்தமில்லாமல் முடித்துவைத்தவர். ஹைருல்லா அவருக்கு டெலிபோன் செய்தார். மத்தியான ரயிலில் அவர் வந்து இறங்கினார். கூடவே அவருடைய மனைவியின் தம்பி முஸ்தகீமும் வந்தார். தொப்பி விற்பவர், வாய் ஓயாதவர், எந்த விவகாரத்திலும் ரயில் இறங்குவதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுகிறவர்.

"சாபிர்ஜான்தான் மச்சான்," என்றார் படியேறும்போதே. "இதுக்கு எதுக்கு ரெண்டு டிக்கெட்டு செலவு?"

"ஒரு டிக்கெட்டைத்தான் நான் எடுத்தேன் மாப்ளே," என்றார் சத்ரெத்தீன். "நீயா வந்தே."

மூலை அறையைத் திறந்தபோது வாயிலிருந்து புகை வந்தது, அவ்வளவு குளிர். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே உறைபனி பூத்திருந்தது. நேற்று ஐவரும் உள்ளே நுழைந்தபோதும் இப்படித்தான் இருந்தது என்பது ஹைருல்லாவுக்கு நினைவு வந்து சங்கடப்படுத்தியது. விருந்தாளிகள் வருகிற அன்று மூலை அறைக் கணப்பைத்தான் முதலில் ஏற்றுவது அந்த வீட்டு வழக்கம். வெள்ளை ஓடு பதித்து, ஏறக்குறையக் கூரைவரைக்கும் எழும்பி நிற்கிற பழைய கணப்பு அது.

"அக்கா, இதை ஏத்தச் சொல்லக்கூடாதா? வந்தவங்க விறைச்சுப் போறாங்க."

"புகைபோக்கி அடைச்சிருக்கு," என்றார் மஹ்ரூசா வாசலிலிருந்தே. "சுத்தம் பண்றவன் இன்னும் வரல. கூடத்துக்கு வாங்க, பெலிஷ் சூடா இருக்கு." இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட அந்தப் பெரிய பணியாரத்தின் வாசனை முஸ்தகீமைப் பாதி இழுத்துக்கொண்டு போய்விட்டது. சத்ரெத்தீன் அசையவில்லை. கோட்டுப் பொத்தான்களை மேலே வரைக்கும் போட்டுக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்தார்.

எழுத்துக் குவியலின் அடியில் ஒரு வெள்ளைத் துண்டு விரிந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் சிவப்புப் பூவேலை. சத்ரெத்தீன் அதன் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த மூலையையும் தூக்கினார். துண்டுக்கு அடியில் வெறும் பலகைத் தரை. பிறகு எழுத்துகளைக் கை நிறைய அள்ளி, விரல்களின் இடையே மெதுவாக ஒழுகவிட்டார். மறுபடி அள்ளினார். மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார்.

"பக்கத்தைக் கட்டியிருந்த நூல் எங்கே?" என்று கேட்டார்.

நூலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. தேடியும் கிடைக்கவில்லை.

"இந்தத் துண்டு?"

அக்கா விரித்திருப்பார், எழுத்தைப் பொறுக்கிச் சேர்க்கிறதற்கு என்றார் ஹைருல்லா. சத்ரெத்தீன் மஹ்ரூசாவைப் பார்த்தார். "துண்டு நம்ம வீட்டுதுதான்," என்று மட்டும் சொன்னார் அவர்.

நேற்று எல்லாருக்கும் முன்னால் அறைக்குள் நுழைந்தவர் ஹுர்மே. அவர் ஹோட்டலில் தங்கியிருந்தார். வரவழைத்துக் கேட்டபோது, கதவைத் திறந்தபோதே துண்டு அடியில் இருந்தது என்று திட்டமாகச் சொன்னார். எழுத்துகள் விழுந்த சத்தம் எதுவும் கேட்டதா என்பதற்கு இல்லை என்றார். தொழுகை நடந்த நேரம் முழுக்கப் பக்கத்து அறையில் பழைய போட்டோ ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கடிகாரச் சத்தம்கூடக் கேட்டது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஹைருல்லாவும் ஹஸ்ரத்தும் அதையேதான் சொன்னார்கள்.

முஸ்தகீமை இரண்டு இடத்துக்கு அனுப்பினார் சத்ரெத்தீன். ஒன்று கீழ்வீட்டுத் திருமதி புஹாக்காவிடம், மற்றது சாபிர்ஜானின் கடைக்கு. கடையில் அச்சுவேலையைப் பற்றி மட்டும் பேசு, திருட்டைப் பற்றி வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினார். முஸ்தகீமை வாய் திறக்காதே என்று அனுப்புவது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று ஹைருல்லா மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

போனவர் இருட்டுவதற்குள் குளிரில் மூக்கு சிவந்து வந்து சேர்ந்தார். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு கோப்பை டீ குடித்தபிறகுதான் சமாசாரம் வெளியே வந்தது. அவர் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சாபிர்ஜானின் கோப்பை கவிழ்த்தபடியே இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு ரொட்டித் துணுக்கைக்கூட விட்டுவைக்காத மஹ்ரூசா அதை மட்டும் எடுத்துக் கழுவவில்லை. அது ஹைருல்லாவின் கண்ணில் பட்டது. கோபத்தில் விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்தார்.

திருமதி புஹாக்கா பெரிய புலம்பல் பேர்வழி. மேலே நாற்காலியை இழுத்தாலே துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறவர். ஆனால் நேற்று அவர் தட்டவில்லை. தட்டுகிற மாதிரி எதுவும் கேட்கவில்லையாம். அவருடைய கோபமெல்லாம் வேறு பக்கம் இருந்தது. போன வாரம் புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவன் கட்டடம் முழுக்க ஏறி இறங்கிப் படியெல்லாம் கரியாக்கிவிட்டான், யாராவது கேட்டீர்களா என்று அதையே சொல்லிச் சொல்லி முஸ்தகீமை நிறுத்தி வைத்துவிட்டார்.

"அந்தம்மாகிட்ட ஒண்ணும் கிடைக்கல மச்சான். ஆனா சாபிர்ஜான்கிட்ட வசமா கிடைச்சிருக்கு." முஸ்தகீம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கீழேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. "அவன் சின்ன வயசுல இந்த மூலை அறையிலதான் வளர்ந்திருக்கான். குறும்பு பண்ணினா அவங்க அத்தா குடுக்கற தண்டனை என்ன தெரியுமா? எழுத்தே இல்லாத வெத்து ஈயத் துண்டு இருக்குல்ல, வார்த்தைக்கு வார்த்தை இடம் விடறதுக்கு, வரிக்கு வரி நடுவுல வைக்கறதுக்கு. அதையெல்லாம் கனம் பார்த்துப் பிரிச்சு வைக்கணுமாம். ஒரு பக்கம் பிரிச்சா பாதி எழுத்து, பாதி வெத்து ஈயம்தான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான். வேலை தெரிஞ்சவன். இதுக்கு மேல என்ன வேணும்?"

"இதுதான் வேணும்," என்றார் சத்ரெத்தீன். "ரொம்ப நல்லா கேட்டுட்டு வந்தே."

முஸ்தகீமின் முகம் மலர்ந்தது. ஹைருல்லாவின் முகத்தில் திருப்தி தெரிந்தது. சத்ரெத்தீன் மட்டும் கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தபடி, மறுநாள் மத்தியானம் எல்லாரும் மூலை அறையில் கூட வேண்டும் என்றார். சாபிர்ஜானும் வர வேண்டும். ஹைருல்லாவே அழைக்க வேண்டும்.

"நானா? அவனையா?"

"நீங்கதான் போகச் சொன்னீங்க. வரச் சொல்றதும் நீங்கதான்."

ஹைருல்லா டெலிபோனுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் ஹஸ்ரத்தை விட்டு அழைக்க வைத்தார். அது சரியில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் அறை முன்னைவிடக் குளிராக இருந்தது. எல்லாரும் கோட்டைக் கழற்றாமலே நின்றார்கள். சாபிர்ஜான் கதவை ஒட்டி நின்றார். மஹ்ரூசா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நடுவில் அந்தத் துண்டும் எழுத்துக் குவியலும் கிடந்தபடியே கிடந்தன.

சத்ரெத்தீன் குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார்.

"நான் கம்பளம் விக்கறவன். கம்பளம் வாங்க வர்றவங்க எல்லாரும் பூவைப் பார்ப்பாங்க. பூ கொஞ்சம்தான். நிலம்தான் அதிகம். நெய்யறவனுக்குத்தான் அது தெரியும். அச்சுப் பக்கமும் அப்படித்தான். சாபிர்ஜான், ஒரு பக்கம் உடைஞ்சு கொட்டினா தரையில என்னென்ன கிடக்கும்?"

"எழுத்து கிடக்கும். வெத்து ஈயம் கிடக்கும். வரிக்கு நடுவுல வைக்கற பட்டை கிடக்கும்," என்றார் சாபிர்ஜான். சொல்லிக்கொண்டே குவியலைப் பார்த்தவர் நிறுத்திவிட்டார். இரண்டடி முன்னால் வந்து குனிந்தார். "இதுல ஒண்ணுகூட இல்லையே."

ஹுர்மேயும் குனிந்து பார்த்தார். தன் மொழியில் என்னவோ முணுமுணுத்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இல்ல," என்றார் சத்ரெத்தீன். "ஏன்னா இது அந்தப் பக்கமே இல்ல. இதோ இந்த அலமாரி அறைகள்லேருந்து அள்ளிப் போட்ட எழுத்து. பக்கம் உடையல. கட்டின நூலோட முழுசா எடுத்துட்டுப் போயிருக்காங்க. அதனாலதான் நூலும் இல்ல. எடுத்தவங்களுக்கு அச்சு வேலை தெரியாது. பக்கம்னா எழுத்துதான்னு நினைச்சவங்க. சாபிர்ஜானா இருந்தா வெத்து ஈயத்தைத்தான் முதல்ல அள்ளிப் போட்டிருப்பார். அவர் பட்ட தண்டனை அது. ஹுர்மேக்கும் அது தெரியும். ஹஸ்ரத் அந்த நாள்ல இங்கே ப்ரூஃப் திருத்தினவர், கையில ஸ்டிக்குங்கற சட்டத்தைப் பிடிச்சு எழுத்து கோர்த்தவர். அவருக்கும் தெரியும்."

முஸ்தகீம் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"அடுத்தது இந்தத் துண்டு. அடியில ஒரு எழுத்துகூட இல்ல. ஆக, முதல்ல துண்டு, அப்புறம்தான் எழுத்து. யாரோ தரையில துண்டை விரிச்சு, அது மேல மெதுவா கொட்டியிருக்காங்க. கீழ்வீட்டம்மா துடைப்பத்தைத் தொடாததும் அதனாலதான். சரி, திருட வந்தவன் எதுக்குத் துண்டு விரிக்கணும்? சத்தத்துக்குப் பயந்துன்னு சொல்லலாம். அப்படின்னா வேலை முடிஞ்சதும் உருவிட்டுப் போயிருப்பான். விபத்து மாதிரி தெரியணும்ல. அவங்க உருவல. உருவ மனசு வரல. அல்லாவோட பேரைக் கோர்க்கற எழுத்தை ஜனங்க மிதிக்கற தரையில போட அவங்களுக்குக் கை வரல. ஹுர்மேக்கு இது தோணவே தோணாது. நம்ம ஜனத்துல பிறந்தவங்கதான் இந்தத் தப்பைப் பண்ணுவாங்க."

ஹைருல்லா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். மனதுக்குள் ஆட்களை எண்ண ஆரம்பித்தார். அன்று வீட்டில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேரைச் சத்ரெத்தீன் கழித்துவிட்டார். தானில்லை என்பது தனக்குத் தெரியும்.

"தொழுகை நேரத்துல நடந்துதுன்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டார் சத்ரெத்தீன். "யாரும் சொல்லல. எல்லாரும் நினைச்சுக்கிட்டீங்க. காலையில நீங்க ட்ரேயை வெச்சதுலேருந்து சாயங்காலம் வரைக்கும் எப்ப வேணா நடந்திருக்கலாம். தொழுகைக்கு யார் தாமதமா வந்தாங்கங்கறது பேச்சே இல்ல." பிறகு கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பல்லு கிட்டுது. முஸ்தகீம், விறகு கொண்டா. கணப்பை ஏத்து."

"அடைச்சிருக்குன்னாங்களே மச்சான்."

"போன வாரம்தான் சுத்தம் பண்ணியிருக்காங்க. நீதானே கேட்டுட்டு வந்தே. ஏத்து."

முஸ்தகீம் சமையலறையிலிருந்து விறகு கொண்டுவந்து அடுக்கினார். பிர்ச் மரப்பட்டையை அடியில் செருகினார். தீக்குச்சியை உரசினார். பட்டை பிடித்துக்கொண்டு சுருண்டது. விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

"அணைச்சிடு," என்றார் மஹ்ரூசா.

முஸ்தகீம் திரும்பிப் பார்த்தார்.

"அணைச்சிடுப்பா. மேல ஈயம் இருக்கு. உருகிடும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினது ஹைருல்லாதான். வேறு யாரையும் ஏறவிடவில்லை. கணப்பின் உச்சியில், கூரைக்கும் அதற்கும் இடையிலிருந்த சந்தில், அத்தர் வாசனையோடு மடித்த வெள்ளைத் துணி கைக்குத் தட்டுப்பட்டது. அதற்குள் ஒரு செங்கல் கனத்தில் பக்கம் இருந்தது. தகப்பனார் கட்டின நூல் அவிழாமல் இருந்தது. இரண்டு கையாலும் ஏந்தி இறங்கினார்.

"இது உருகாதுங்க. அந்தச் சூடு போதாது," என்றார் ஹுர்மே சன்னமாக. யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"அவங்க சொன்னது ஒரே ஒரு பொய்தான்," என்றார் சத்ரெத்தீன். "புகைபோக்கியைப் பத்தி. மத்ததுக்கெல்லாம் வாயைத் திறக்கல. பிஸ்மில்லா இருக்கற பக்கத்தைக் கட்டிலுக்கு அடியில தள்ள முடியாது, அலமாரியோட கீழறையில போட முடியாது. உயரத்துலதான் வைக்கணும். இந்த அறையில இதைவிட உயரம் வேற இல்ல. விருந்தாளிங்க போனதும் எடுத்து வேற எங்கயாவது வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள ஹைருல்லா அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டார்."

மஹ்ரூசா தலையைக் குனியவில்லை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. தம்பியைப் பார்த்தே பேசினார். அப்போது ஹைருல்லா வீபுரி நகரத்தில் ஒரு கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். தகப்பனாருக்குக் கண் மங்கிவிட்டது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது மஹ்ரூசாதான். எழுத்தைத் தொட அம்மா விடவில்லை. தகப்பனார் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோர்த்தார். எல்லாம் காதில் விழுந்தது. அவர் கண்ணை மூடினதும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"அத்தா வளைஞ்சு குடுக்கலேங்கறதுதான் நம்ம வீட்டுப் பேரு," என்றார். "நீயும் அதை வெச்சுத்தான் நடந்தே. தெருவுல நீ நிமிர்ந்து போறதைப் பார்த்துக்கிட்டே நான் எப்படிடா சொல்வேன்? ஆனா சாபிர் மேல பழி விழும்னு நான் நினைக்கல. அந்தக் கப்பை என்னால கழுவ முடியல."

ஹைருல்லா இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். பக்கத்தை ஹுர்மேயிடம் கொடுத்தார். "அடிங்க," என்றார்.

அக்கா குறுக்கே கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். எல்லார் முன்னாலும் படிப்பேன் என்று சொல்லி அழைத்தவர் அவர். நல்லதாக இருந்தால்தான் படிப்பேன் என்று சொல்லியிருக்கவில்லை.

ஹுர்மே பக்கத்தைக் கழுவித் துடைத்து இயந்திரத்தில் இறுக்கினார், மை உருட்டினார், தாளை வைத்தார், பிடியை இழுத்தார். தாளை உரித்து எடுத்ததும் ஹஸ்ரத் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிஸ்மில்லாவிலிருந்து படித்தார்.

சிஷ்மேயின் வாசகர்களுக்கு. என் கண் போய்விட்டது. இந்தப் பக்கத்தோடு என் வேலை முடிகிறது. அச்சு இயந்திரத்தையும் எழுத்துகளையும் முஹ்லிஸிடம் ஒப்படைக்கிறேன். இவற்றில் பாதி முதல் நாளிலிருந்தே அவனுடையது. நானும் அவனும் சண்டை போட்டோம். அதில் நியாயம் என் பக்கம் இல்லை என்பதை அவனிடம் நேரில் சொல்ல என் வீம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் அச்சில் சொல்கிறேன். இனி எந்த எழுத்தில் அச்சடிப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும். பிள்ளைகள் படிக்க முடிந்தால் போதும்.

ஹஸ்ரத் தாளைத் தாழ்த்தினார். சாபிர்ஜான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் அசைந்தது. வேலை செய்த இயந்திரத்தின் மை வாசனை அறை முழுக்க இருந்தது.

"கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க," என்றார் ஹைருல்லா.

ஹஸ்ரத் படித்தார்.

ஹைருல்லா கூடத்துக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். மேசையில் கவிழ்ந்திருந்த கோப்பையைத் தம் கையால் நிமிர்த்தினார். உள்ளே வளையமாக டீக்கறை காய்ந்திருந்தது. அதை எடுத்துப்போய்த் தாமே கழுவினார். அந்த வீட்டில் அவர் கோப்பை கழுவி யாரும் பார்த்ததில்லை. டீயை ஊற்றிச் சாபிர்ஜான் முன்னால் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார்.

"உன்னைச் சொன்னது தப்பு. உங்க அத்தாவைச் சொன்னது அதைவிடத் தப்பு."

சாபிர்ஜான் கோப்பையைப் பார்த்தார். "பால் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றார். "ரெண்டு நாள் கவுந்து கிடந்த கப்பு."

முஸ்தகீம்தான் முதலில் சிரித்தார். பிறகு பெலிஷை யார் வெட்டுவது என்ற பேச்சு வந்தது. மஹ்ரூசா எழுந்து கத்தியை எடுத்து, முதல் துண்டைச் சாபிர்ஜானின் தட்டில் வைத்தார். திரும்புகிற ரயிலில், ஆரம்பத்திலிருந்தே தனக்கு மஹ்ரூசா மேல் ஒரு கண் இருந்தது என்று முஸ்தகீம் சொன்னார். சத்ரெத்தீன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அச்சு இயந்திரம் அந்த வாரமே படியிறங்கியது. நாலு பேர் தூக்கினார்கள், திருமதி புஹாக்கா துடைப்பத்தோடு வாசலுக்கே வந்து நின்றார். சாபிர்ஜான் தம் கடையின் பின்னறையில் அதை நிறுத்தி, செமியுல்லாவின் பக்கத்தை முதலில் அச்சடித்தார். ஒரு பாதியில் பழைய எழுத்து, மறு பாதியில் அதே வாசகம் பிள்ளைகள் படிக்கிற எழுத்தில். ஜமாஅத்தில் வீட்டுக்கு ஒன்று போயிற்று. ஹைருல்லா தமக்கு வந்ததைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில், வாடிக்கையாளர் பார்க்கிற இடத்தில், மாட்டினார்.

ஹைருல்லா பெருந்தன்மையாகத் தம் தகப்பனாரின் அச்சு இயந்திரத்தைச் சாபிர்ஜானுக்குக் கொடுத்தார் என்று தாம்பரேயில் ஒரு பேச்சு இருக்கிறது. ஹெல்சிங்கியில் உள்ளவர்களும் அதைச் சொல்கிறார்கள். அது தவறு. அவர் எதையும் கொடுக்கவில்லை. முஹ்லிஸுடையதை முஹ்லிஸின் வீட்டில் சேர்த்தார்.